நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர்

போன மாதம் இரும்புக் கடையில் பனி வாரும் மண்வெட்டிக்குப் பிடி மாற்றக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் டேல் ஹக்கலா பக்கத்தில் வந்து நின்றான்.

"ரஸ், ஒரு விஷயம் கேக்கணும். ஐலா இருந்திருந்தா அவங்ககிட்டயே கேட்டிருப்பேன்."

ஐலா என் மனைவி. இந்த டாமரக் ஊருக்குப் பதினெட்டு வருடம் டாக்டராக இருந்தாள். போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் கணையப் புற்றுநோயில் இறந்தாள்.

"நானும் அவகிட்டதான் கேட்டிருப்பேன்" என்றேன். "சொல்லு."

"பொண்ணு டாக்டராகணுங்குறா. ரெண்டு எடத்துல சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணு கிழக்க இருக்குற பெரிய காலேஜ். இன்னொண்ணு நம்ம பக்கத்து யுனிவர்சிட்டி. பெரிய காலேஜ்காரன், எங்ககிட்ட படிச்சு மெடிக்கலுக்கு மனு போட்டவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு எடம் கெடச்சுருக்குன்னு போட்டுருக்கான். இதுல யோசிக்க என்ன இருக்குன்னு இவ அம்மா கேக்குறா."

"எந்த நூறுன்னு அவங்ககிட்ட கேளு."

அவனுக்குப் புரியவில்லை. அதற்குள் மண்வெட்டி வந்துவிட்டது. கடைக்கு வெளியே நின்று பாதி சொன்னேன். குளிரில் அவன் காது சிவந்துபோனதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஐலாவின் அப்பா ஊர்ஹோ நீமி, மாவட்டத்துக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். அம்மா டோரிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். 1990ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு காலை, பென்ரிட்ஜ் கல்லூரியின் வழவழப்பான புத்தகம் அவர்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. நான் அப்போது அங்கே இல்லை. ஆனால் அந்தக் காலையைப் பற்றி அந்த வீட்டில் ஒவ்வொருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

டோரிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாளாம். "மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்த எங்கள் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் இடம் பெற்றனர். தொண்ணூத்து மூணு! கேட்டியா ஊர்ஹோ?"

ஊர்ஹோ ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். "கேட்டேன். மீதி ஏழு பேரு என்ன ஆனாங்க?"

"அந்த ஏழுல நம்ம பொண்ணு எதுக்கு இருக்கப் போறா? வாயக் கழுவு மொதல்ல."

"வாயில ரொட்டி இருக்கு. அப்புறம் கழுவுறேன்."

அன்று முழுக்க அந்த வீட்டில் ஏழு பேரைப் பற்றித்தான் பேச்சு. சோம்பேறிகளாக இருக்கும், குடிகாரர்களாக இருக்கும், பாதியில் கல்யாணம் செய்துகொண்டவர்களாக இருக்கும். அந்த நூறு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் அது தோன்றாது. எண் என்றால் எங்களுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நட்டிருக்கும் பனிக்கோல்தான். கோலில் எந்தக் கோடு வரை மூடியிருக்கிறதோ அவ்வளவு பனி பெய்திருக்கிறது. அதில் பொய்க்கு இடம் கிடையாது. ஊர்ஹோ இருபது வருடமாக அந்தக் கோலைப் பார்த்து வண்டி எடுத்தவர். பென்ரிட்ஜ் போட்ட எண்ணையும் அவர் வீட்டில் அப்படித்தான் படித்தார்கள்.

ஐலாவின் சித்தி மகள் கேரலும் அதே வகுப்பு. அவளுக்கும் டாக்டராக ஆசை. ஆனால் அவள் பக்கத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். காரணம், அவள் காதலன் அங்கே ஹாக்கி ஆடினான். முதல் பனி விழுவதற்குள் காதல் முடிந்துபோனது. படிப்பு மட்டும் மிஞ்சியது.

"போடி போ" என்று ஐலாவை வழியனுப்பும்போது சொன்னாளாம் கேரல். "பெரிய எடம். திரும்பி வரும்போது எங்க மூஞ்சியெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"மூஞ்சி மறந்தாலும் உன் சிரிப்புச் சத்தம் மூணு தெரு தள்ளிக் கேக்கும். கண்டுபிடிச்சுருவேன்."

நான் ஐலாவைப் பார்த்தது பென்ரிட்ஜ் சாப்பாட்டுக்கூடத்தின் பின்கட்டில். இரண்டு பேரும் தட்டுக் கழுவும் வேலை. நான் இலக்கியம் படித்தேன். அவள் முதல் நாள் வேதியியல் வகுப்பிலிருந்து நேராக வந்திருந்தாள். பெரிய அரங்கம் நிறைய ஆட்களாம். டாக்டராக விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று ஆசிரியர் கேட்டதும் அநேகமாக எல்லோருமே தூக்கினார்களாம்.

"எனக்குப் பக்கத்துல உக்காந்தவன் இதே புத்தகத்த போன வருஷம் ஸ்கூல்லயே படிச்சு முடிச்சிட்டானாம். இப்ப ரெண்டாவது தடவ படிக்கிறான். எங்க ஸ்கூல்ல லேப்ல ஒரு அடுப்புதான் எரியும். அதையும் டோனட் சூடு பண்ணத்தான் வச்சிருந்தாங்க."

அந்த வகுப்பில் மொத்தத்தில் இத்தனை பேருக்குத்தான் ஏ, இத்தனை பேருக்குத்தான் பி என்று முதலிலேயே பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். எவ்வளவு ஏறினாலும் உனக்கு மேலே இருப்பவன் இறங்கினால்தான் உனக்கு இடம். முதல் வருட வேதியியல் இரண்டு பருவத்திலும் அவளுக்கு சி பிளஸ். அவள் அழவில்லை. அடுத்த கோடையில் ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்கி, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தானாகப் படித்தாள். இரண்டாம் வருடம் பி, மூன்றாம் வருடம் ஏ. வருடா வருடம் அவள் வகுப்பு மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராகப் பொருளாதாரத்துக்கும் உளவியலுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களாகத்தான் போகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மருத்துவம் படிக்கப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர்கள் சிலர் சேர்ந்த ஒரு குழு இருந்தது. நான்கு வருடப் பட்டப்படிப்பின் கடைசி வருடம் தொடங்கும்போது மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடும்போது, கல்லூரியின் சார்பாக அந்தக் குழு ஒரே சிபாரிசுக் கடிதம் எழுதும். அப்படிக் குழு வைத்திருக்கும் கல்லூரியிலிருந்து வருகிறவளிடம் அந்தக் கடிதம் இல்லையென்றால், மருத்துவக் கல்லூரிக்காரர்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே ஏன் இல்லை என்று கேட்பார்கள்.

மூன்றாம் வருடம் மார்ச் மாதத்தில் குழுவின் தலைவர் டாக்டர் லேவரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மாணவர்கள் பயப்படக் கூடாது என்று லேவரி ஒருபோதும் கதவைச் சாத்த மாட்டார். அதனால் எல்லாம் கேட்டது.

"வாங்க மிஸ் நீமி. டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் சார்."

"உங்க மேல எங்க எல்லாருக்கும் ரொம்ப மரியாத. அதச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும். ஆனா இந்த வருஷம் குழு உங்களுக்காக எழுதுற நிலைமையில இல்ல."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் அந்த முதல் வருஷ மார்க் அதே மார்க்காத்தானே இருக்கும்."

"அதுக்கப்புறம் வாங்குன மார்க்கப் பாத்தீங்களா சார்?"

"பாத்தோம். நல்லா ஏறி வந்துருக்கீங்க. அதனாலதான் ஒளிக்காம சொல்றேன். கெடைக்காத எடத்துக்கு அனுப்பி உங்கள நோகடிக்க எங்களுக்கு மனசில்ல."

"அந்த நோவு என்னோடதுதானே? நான் பட்டுக்கறேன்."

கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஐலாவின் குரல், கொஞ்சமும் உயராமல்.

"நூத்துக்குத் தொண்ணூத்து மூணு பேருன்னு உங்க புத்தகத்துல போட்டுருந்தீங்க. அது எந்த நூறு சார்?"

"குழு கடிதம் குடுத்து அனுப்புனவங்கள்ல."

"முதல் நாள் க்ளாஸ்ல கையத் தூக்குனோமே, அவங்கள்ல எத்தன பேரு?"

"அந்தக் கணக்க நாங்க வச்சுக்கறதில்ல."

"வச்சுக்காம இருக்கறதுக்கும் கொஞ்சம் மெனக்கெடணுமே சார்."

லேவரி கெட்டவர் இல்லை. பொதுச் சுகாதாரம் படிக்கலாம், மருத்துவமனை நிர்வாகம் படிக்கலாம் என்று உண்மையான அக்கறையோடு சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், நன்றி சொன்னாள், எழுந்து வந்தாள். அன்று மாலை தட்டுக் கழுவும்போது அவள் முகம் நனைந்திருந்தது.

"அழறியா?"

"நீராவிடா." ஒரு தட்டை இரண்டு தடவை கழுவினாள். "ரஸ், அவங்க பொய் சொல்லல. ஒரு வார்த்த கூட பொய் இல்ல. நான்தான் எங்கப்பா பனிக்கோலப் பாக்கற மாதிரி பாத்துட்டேன்."

"இப்ப என்ன பண்ணலாம்?"

"என்ன பண்ணலாமா? டாக்டராகலாம். அவங்க எழுதலன்னா எழுதுறவங்ககிட்ட போகலாம். இந்தத் தட்டப் புடி, வழுக்குது."

வீட்டுக்குத் தொலைபேசியில் அவளே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். ஊர்ஹோவின் குரல் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது.

"அப்போ அந்த ஏழு பேருல நீயும் ஒண்ணாம்மா?"

"இல்லப்பா. நான் அந்த நூறுலயே இல்ல."

 அப்புறம், "சரி. படிப்ப முடிச்சிட்டு வீட்டுக்கு வா. இங்கயும் கெமிஸ்ட்ரி இருக்கு" என்றார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முதல் தடவையாக நான் டாமரக் வந்தேன். சனிக்கிழமை சவுனாவில், அதாவது சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி நீராவியில் குளிக்கும் மர அறையில், பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு. நானும் ஊர்ஹோவும் முன்னறையில் துண்டோடு உட்கார்ந்திருந்தோம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேரலின் குரல்.

"ஐலா, ஒண்ணு சொல்லணும். என்னைக் கொல்லக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு எடம் கெடச்சிருச்சு. நம்ம மாநில மெடிக்கல் காலேஜ்ல."

 பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் குழு எதுவும் கிடையாது. மூன்று ஆசிரியர்களிடம் கேரல் கேட்டாள், மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். நீ போடாதே என்று யாரும் அவளை மறிக்கவில்லை. சிறிய வகுப்பு. அதில் அவள் முதலாக வந்திருந்தாள். கேரல் உழைக்காதவள் இல்லை. ஆனால் பள்ளியில் ஐலாவின் சோதனைக் குறிப்புகளைப் பார்த்து எழுதியவள். அதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

"திட்டுடி. திட்டித் தொலை. இப்படிப் பேசாம இருக்காத."

கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது. மறுபடி ஒரு வாளி. மறுபடி.

"அடியே போதும்டி! வேகுது! பெரியப்பா, உங்க பொண்ணு என்னை அவிச்சுக் கொல்றா!"

கதவு உடைவதுபோல் திறந்தது. கேரல் கத்திக்கொண்டே பனிக்குள் ஓடினாள். பின்னாலேயே ஐலா ஓடி, ஒரு கூடை பனியை அவள் முதுகில் கொட்டிவிட்டு, கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஊர்ஹோ கண்ணை மூடியபடி, "முடிஞ்சுதா? கல்லு ஆறிடப் போவுது" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, ஐலா கொட்டியது கூடையா வாளியா என்று கேட்க நாற்காலியைத் திருப்பினேன். பிறகு மறுபடி திரும்பி எழுத உட்கார்ந்தேன்.

பட்டம் வாங்கியதும் ஐலா ஊர் திரும்பினாள். நானும் கூடவே வந்தேன். வாரப் பத்திரிகையில் மரணச் செய்தியும் மீன்பிடிச் செய்தியும் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. "கவித படிச்சவனுக்கு இது போதும்" என்றார் ஊர்ஹோ, என் கையில் கூரைப் பனி தள்ளும் கட்டையைக் கொடுத்தபடி. ஐலா விடியற்காலையில் ஊர் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்தாள். பிறகு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், கேரல் படித்த அதே பல்கலைக்கழகத்தில் கடினமான அறிவியல் பாடங்களாகப் பார்த்து எடுத்துப் படித்தாள். எல்லாவற்றிலும் ஏ. பென்ரிட்ஜில் பட்ட அடிதான் தன்னை இங்கே நிற்க வைத்தது என்பாள். அந்தக் கல்லூரியை அவள் ஒரு நாளும் பழித்ததில்லை. அது கற்றுக்கொடுத்த இடம், ஆனால் வாசலில் ஆள் நிறுத்திய இடம் என்பாள்.

ஊர் திரும்பிய இரண்டாம் வருடம் மருத்துவக் கல்லூரிகளுக்கு மனுப் போட்டாள். அதில் ஒரு கேள்வி: உங்கள் கல்லூரியில் குழு இருக்கிறதா, இருந்தால் அதன் கடிதம் எங்கே? சாப்பாட்டு மேசையில் ஆளுக்கு ஒரு யோசனை.

"சொந்தக் காரணங்களால்னு எழுதிரு" என்றாள் விடுமுறைக்கு வந்திருந்த கேரல்.

"தபால்ல தொலஞ்சு போச்சுன்னு சொன்னா என்ன?" என்றாள் டோரிஸ்.

"ஏம்மா, இருக்குற சிக்கல் போதாதா, பொய் வேறயா?" என்றாள் ஐலா.

ஐலா பேனாவை எடுத்து எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். 'என் கல்லூரியின் குழு எனக்காக எழுத மறுத்தது. காரணம் முதல் வருட வேதியியல். அதற்குப் பிறகு நான் படித்தவையும், எனக்குக் கற்பித்தவர்களின் கடிதங்களும் இத்துடன் உள்ளன.'

"இவ்ளோ வெட்ட வெளிச்சமாவா?" என்றாள் டோரிஸ்.

"அவங்க எப்படியும் கேப்பாங்க. நானே சொல்லிட்டா அடுத்த பேச்சுக்குப் போலாம்."

பெரும்பாலான கல்லூரிகள் மறுத்தன. எங்கள் மாநில மருத்துவக் கல்லூரி மட்டும் நேரில் வரச் சொன்னது. பனிக்காலத்தில், எங்கள் பக்கத்தை மாநிலத்தின் தென்பாதியோடு சேர்க்கும் பெரிய பாலத்தைத் தாண்டித் தெற்கே நான் வண்டி ஓட்டிப் போனேன். திரும்பும்போது அவள் ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னாள். கேட்டவர் நரைத்த மீசைக்கார அறுவை மருத்துவராம்.

"உங்க காலேஜே நம்பாத ஆள நாங்க எதுக்கு எடுக்கணும்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அவங்க நம்பாதது என்னோட பதினெட்டு வயச. நீங்க எடுக்கப் போறது இருபத்தி நாலு வயசன்னு சொன்னேன். இது தயார் பண்ணிட்டு வந்த பதிலான்னு கேட்டாரு. ஆமா சார், பாலத்துலேருந்து இங்க வர வழியில நெறைய நேரம் இருந்துச்சுன்னேன்."

"சிரிச்சாரா?"

"மீசையச் சொறிஞ்சாரு. அப்புறம், இங்க கெடைக்கலன்னா என்ன பண்ணுவீங்கன்னாரு. அடுத்த வருஷம் வருவேன்னேன். அப்பவும் கெடைக்கலன்னா? அதுக்கடுத்த வருஷமும் வருவேன், உங்களுக்கே அலுத்துப் போயிரும்னேன்."

ஏப்ரலில் பதில் வந்தது. எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. காத்திருப்போர் வரிசையில் இருக்கிறாள். வரிசையில் எந்த இடம் என்று சொல்ல மாட்டார்கள். டோரிஸ் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொண்டு அன்று சமைக்கவில்லை. ஐலா மட்டும் உடனே கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கடைசியா எப்ப வரைக்கும் எடம் காலியாகும்?" என்று கேட்டாள்.

எடுத்த அம்மாள் பேச்சுக்காரி. "முதல் நாள் காலையில வரைக்கும் ஆகும்மா. யாராச்சும் ஒருத்தர் வராம வேற ஊருக் காலேஜுக்குப் போயிருவாங்க. அப்ப வரிசையில இருக்குறவங்கள ஒவ்வொருத்தரா கூப்புடுவோம். மத்தியானத்துக்குள்ள வந்து சேர முடிஞ்சவங்களுக்கு எடம். ஆனா உங்க பக்கத்து ஆளுங்களால என்னிக்கும் வர முடிஞ்சதில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பையனக் கூப்டோம். அவங்கம்மா எடுத்து, ஏரியில படகுல இருக்கான், கத்திப் பாக்கறேன்னாங்க."

ஐலா நன்றி சொல்லி வைத்தாள். ஜூலை பிறந்ததும் பெட்டி கட்டினாள்.

"இன்னும் எடமே கெடைக்கல. அதுக்குள்ள பெட்டியா?" என்றாள் டோரிஸ்.

"கெடச்சப்புறம் கட்டுனா நேரம் பத்தாதும்மா."

"பாலத்துக்குக் கீழ இருக்குற பூதங்களோட குடித்தனம் பண்ணப் போறா" என்றார் ஊர்ஹோ. தெற்குக்காரர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. பெட்டியை அவரே தூக்கி வண்டியில் வைத்தார்.

கேரலின் அறையில் தரையில் மெத்தை போட்டுக்கொண்டாள் ஐலா. மருத்துவக் கல்லூரியை ஒட்டிய மருத்துவமனையில் விடியற்கால ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். "ராத்திரி பூரா எலும்புப் பேரச் சொல்லிக்கிட்டே தூங்குறா ரஸ்" என்று கேரல் என்னிடம் புகார் சொன்னாள். "ரெண்டு வருஷம் படிச்ச எனக்கே இவ சொன்னப்புறம்தான் பாதி ஞாபகம் வருது."

ஆகஸ்டில் கல்லூரி திறக்கும் திங்கட்கிழமைக்கு நான் போயிருந்தேன். அதுவரை எந்த அழைப்பும் வரவில்லை. ஐலா இருட்டோடு எழுந்து வேலைக்குப் போனாள். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரவில்லை. நானும் கேரலும் தேடிக்கொண்டு போனபோது, கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீல வேலைச் சட்டை. சட்டைப் பையிலிருந்து கை கட்டும் ரப்பர் பட்டை தொங்கியது. புதிய மாணவர்கள் இஸ்திரி போட்ட உடையில் கூட்டம் கூட்டமாகக் கடந்து அரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அலுவலக அம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரும்மா நீ? ரத்தம் எடுக்கணும்னு யாரும் கேக்கலியே."

"நீமி. காத்திருக்கறவங்க வரிசையில இருக்கேன்."

"ஐயோ, எடம் இருந்தா வீட்டுக்குப் போன் பண்ணுவோம்மா. இங்க உக்காந்து என்ன பண்ணப் போற?"

"தெரியும். நான் உங்களுக்குத் தொந்தரவா இருக்கமாட்டேன்."

"தொந்தரவுன்னு இல்ல. வரிசைப்படிதான் கூப்புடுவேன். பக்கத்துல இருக்கேன்னு முன்னாடி எடுக்க முடியாது."

"எடுக்கக் கூடாது. வரிசைப்படியே கூப்புடுங்க."

அம்மாள் உள்ளே போனாள். அரங்கத்தில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. கேரல் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். ஐலா எங்களைப் பார்க்கவே இல்லை. அரங்கத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் இளைஞர் வெளியே வந்து அலுவலகத்துக்குள் தலையை நீட்டி, "ஒருத்தர் வரல. சிகாகோவுல சேந்துட்டாராம்" என்றார்.

அம்மாள் தொலைபேசியை எடுத்தாள். முதல் எண். மணி அடித்துக்கொண்டே இருந்தது போலிருக்கிறது. வைத்துவிட்டாள். இரண்டாவது எண். "ஓ, வேற எடத்துல சேந்தாச்சா? சந்தோஷம், சந்தோஷம்." வைத்தாள். மூன்றாவது எண்ணில் ரொம்ப நேரம் பேசினாள். "சாயங்காலம் வரைக்கும் முடியாது தம்பி... இல்லப்பா, மத்தியானத்துக்குள்ள... டெட்ராய்ட்லேருந்து ரெண்டு மணி நேரம்தானே, வண்டி இல்லையா? யார்கிட்டயாவது கேட்டுப் பாரு, அஞ்சு நிமிஷம் லைன்ல இருக்கேன்."  அந்தப் பையனுக்கு வண்டி கிடைக்க வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஐலா அப்படி வேண்டவில்லை என்று பிறகு சொன்னாள். அவனுக்குக் கிடைத்தால் நாளைக்கு வந்து உட்காருவேன் என்று மட்டும் நினைத்தாளாம்.

"சரிப்பா. மனசத் தளர விடாத" என்று அம்மாள் வைத்தாள். அடுத்த பெயரை விரலால் தொட்டாள். ரிசீவரைக் கையில் எடுத்தாள். அப்படியே நிறுத்திவிட்டுக் கதவு வழியாகப் பார்த்தாள்.

"நீமி. ஐலா நீமி."

ஐலா எழுந்தாள்.

அம்மாளுக்கு விதிமுறையைக் கைவிட மனசில்லை. ரிசீவரை வைக்காமலே கேட்டாள். "எத்தன மணிக்குள்ள வர முடியும்?"

"அரங்கத்துக் கதவு வரைக்கும் எவ்ளோ நேரமோ அவ்ளோதான்."

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

போட்டாள். என்னைத் தாண்டும்போது வேலைச் சட்டையைக் கழற்றி என் கையில் திணித்தாள். "சூப்பர்வைசர்கிட்ட குடுத்துரு, நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கதவைத் திறந்து உள்ளே போய், பின் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவனிடம் இதுவரை என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஊர்ஹோவைக் கூப்பிட அலுவலகத் தொலைபேசியையே கொடுத்தாள் அந்த அம்மாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"உள்ள போயிட்டாளா?"

"உள்ள போயிட்டா."

"சரி" என்றார். பின்னால் டோரிஸ் என்ன, என்ன என்று கத்துவது கேட்டது. "அவளோட குளிர்கோட்டு இங்க மாட்டியிருக்கு. இன்னிக்கே கெளம்புறேன். பாலத்துல காத்து அதிகமாம், மெதுவாத்தான் வருவேன்னு சொல்லிரு."